யூட்டா ஹார்ஸ்ஷூ கேன்யன்: கிரேட் கேலரி வரை ஒரு நாள் நடை, வண்டியும் வழியும் தண்ணீரும்

வழித்துணை கேட்கிறார்:

வணக்கம். அக்டோபர் மூன்றாவது வாரம் சால்ட் லேக் சிட்டியில் இறங்கி, வாடகை எஸ்.யூ.வி. எடுத்துக்கொண்டு கிரீன் ரிவர் ஊரில் இரண்டு இரவு தங்குகிறோம். அதில் ஒரு முழு நாளை ஹார்ஸ்ஷூ கேன்யனுக்கு ஒதுக்கியிருக்கிறோம். கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் தனித் துண்டாக மேற்கே தள்ளி இருக்கிறதே, அந்த இடம். கிரேட் கேலரியின் பாறைச் செதுக்கல்களைப் பார்ப்பதுதான் நோக்கம்.

நாங்கள் ஐந்து பேர். பெரியவர்கள் நால்வரில் அப்பாவுக்கு 64 வயது. தினமும் 5 கி.மீ. நடப்பார், ஆனால் இறக்கத்தில் முட்டி வலிக்கும். பையனுக்கு 10 வயது.

கேட்க வேண்டியவை இவை. கடைசி 48 கி.மீ. மண் ரோடு என்கிறார்கள், அதற்கு சாதாரண எஸ்.யூ.வி. போதுமா, ஃபோர் வீல் டிரைவ் கட்டாயமா? மேப்பில் கிரீன் ரிவரிலிருந்து நேராகத் தெற்கே ஒரு வழியும், ஹைவே 24 வழியாகச் சுற்றி ஒரு வழியும் தெரிகின்றன, எதில் போவது? தலைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்? கேன்யனுக்குள் எங்கெங்கே நிற்க வேண்டும்? அப்பாவால் முடியாது என்று தோன்றினால் அவரை அழைத்துப்போக வேறு இடம் உண்டா?

மண்ரோட்டுக்காரன்:

நடையைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் வண்டிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இந்தப் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் ரோட்டில்தான், கேன்யனுக்குள் இல்லை.

ஹைவே 24 வழியாகவே போங்கள். ஐ-70 நெடுஞ்சாலையிலிருந்து 24இல் தெற்கே திரும்பி ஏறக்குறைய 25 மைல். காப்ளின் வேலி ஸ்டேட் பார்க்குக்கு மேற்கே பிரியும் ரோட்டைத் தாண்டி அரை மைல் போனதும் இடப்பக்கம், அதாவது கிழக்கே, ஒரு மண் ரோடு பிரியும். அங்கிருந்து நடை தொடங்கும் இடம் வரை 30 மைல், 48 கி.மீ. வழியில் ஹான்ஸ் ஃப்ளாட் ரேஞ்சர் நிலையத்துக்கு வலப்பக்கம் ஒரு கிளை பிரியும். அதில் போகாமல் இடப்பக்கம் பிடியுங்கள். பலகை இருக்கிறது, ஆனால் வேகமாகப் போனால் கண்ணில் படாது. கிரீன் ரிவரிலிருந்து மொத்தம் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நேராகத் தெற்கே வரும் மற்ற வழி 47 மைலும் மண்தான். மேப்பில் குறுக்குவழி போலத் தெரிந்தாலும் அதில் வண்டி நடமாட்டம் மிகக் குறைவு, மாட்டிக்கொண்டால் அடுத்த வண்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் போக வேண்டியது மேற்கு விளிம்பு, வெஸ்ட் ரிம் டிரெயில்ஹெட். மேப்பில் வெறுமனே 'ஹார்ஸ்ஷூ கேன்யன்' என்று போட்டால் சில சமயம் கிழக்கு விளிம்பைக் காட்டும். அந்தப் பக்கத்துக்கு உயரமான ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் போகவே கூடாது. அரிசோனாவிலும் 'ஹார்ஸ்ஷூ பெண்ட்' என்று ஒரு பிரபலமான இடம் இருப்பதால் பெயர் குழப்பமும் சேர்ந்துகொள்ளும். கிரீன் ரிவரில் சிக்னல் இருக்கும்போதே மேப்பை ஆஃப்லைனில் இறக்கி, சேரும் இடத்தில் பின் குத்திக்கொள்ளுங்கள்.

ரோடு காய்ந்திருந்தால் சாதாரண டூ வீல் டிரைவ் வண்டியே போய்விடும். தரை கொஞ்சம் உயரமாக இருக்கும் எஸ்.யூ.வி. என்றால் கவலை இன்னும் குறைவு. தொல்லை தருபவை மூன்று.

முதலாவது வாஷ்போர்டு. மண் ரோட்டில் வண்டிச் சக்கரங்கள் துள்ளித் துள்ளி ஓடி, குறுக்கே வரிவரியாக மேடும் பள்ளமும் உண்டாகும். வேகம் கூட்டினால் அதிர்வு குறைந்தது போல இருக்கும், உண்மையில் டயர் தரையைத் தொடுவதே குறைந்துவிடும். வளைவில் ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். மணிக்கு 25லிருந்து 35 மைலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், வளைவில் இன்னும் குறையுங்கள். தார் ரோடு முடிகிற இடத்தில் டயர் காற்றை 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 28க்கு இறக்கினால் அதிர்வும் குறையும், கூர்க்கல் குத்துவதும் குறையும். திரும்பத் தாருக்கு வந்ததும் ஏற்ற வேண்டும். அதற்கு சிகரெட் லைட்டரில் மாட்டுகிற 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்றும் பிரஷர் கேஜ் ஒன்றும் போதும்.

இரண்டாவது, ரோட்டின் குறுக்கே காற்று கொண்டுவந்து குவிக்கும் மணல். தூரத்திலேயே பார்த்துவிடலாம். வேகத்தைச் சீராக வைத்து, பிரேக் தொடாமல், ஸ்டியரிங்கை வெட்டாமல் தாண்டிவிட வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதீர்கள். சக்கரம் சுற்றச் சுற்றக் குழி தோண்டி, வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும். இறங்கி நான்கு டயருக்கும் முன்னும் பின்னும் மணலைக் கையாலோ சிறு மண்வெட்டியாலோ வாருங்கள். காற்றை 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுங்கள். முன்னால் போய்ப் பார்க்கலாம் என்கிற ஆசையில்தான் பலர் இன்னும் ஆழமாகப் புதைகிறார்கள்.

மூன்றாவதும் பெரியதும் ஸ்டெப்னி. இப்போது வரும் பல வாடகை வண்டிகளில் ஸ்டெப்னியே இருப்பதில்லை, ஒரு டப்பா அடைப்பான் திரவமும் சின்ன பம்ப்பும்தான் இருக்கும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அது எதற்கும் உதவாது. வண்டியை வாங்கும் இடத்திலேயே டிக்கியைத் திறந்து முழு அளவு ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லையென்றால் வேறு வண்டி கேளுங்கள். ஒப்பந்தத்தையும் படியுங்கள். தார் போடாத ரோட்டில் ஓட்டக் கூடாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். அதை மீறினால் காப்பீடு போய்விடும். இந்த ரோட்டிலிருந்து வண்டியை இழுத்துவரும் கட்டணம் 1,000 டாலரைத் தாண்டும்.

டேங்கைக் கிரீன் ரிவரில் நிரப்பிவிடுங்கள், அதற்குப் பிறகு இந்த வழியில் பெட்ரோல் பங்க் இல்லை. அந்தி நேரத்தில் ரோட்டில் மாடுகள் நிற்கும், வேலி கிடையாது. அக்டோபர் 20 வாக்கில் மாலை ஆறரைக்குச் சூரியன் மறைகிறது. ஐந்து மணிக்காவது தார் ரோட்டில் இருக்க வேண்டும் என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், காலை ஏழு மணிக்கு கிரீன் ரிவரை விட்டுக் கிளம்ப வேண்டும்.

செங்காவி:

முதலில் ஒரு திருத்தம், ஏனென்றால் எதைத் தேடிப் போகிறோம் என்று தெரிந்தால்தான் கண் அதைப் பார்க்கும். கிரேட் கேலரியில் இருப்பவை பெரும்பாலும் செதுக்கல்கள் அல்ல, ஓவியங்கள். இரும்புச் சத்துள்ள செங்காவியை அரைத்துப் பூசியவை. ஆனால் உங்கள் சொல் முழுத் தவறும் இல்லை. சில உருவங்களில் வண்ணத்தின் மேலேயே கூர்க்கல்லால் கோடு கீறியிருக்கிறார்கள், சில இடங்களில் பாறையைக் கொத்தியும் இருக்கிறார்கள். பக்கத்தில் போகாமல் அது தெரியாது. பக்கத்தில் போகவும் கூடாது. அதனால் பைனாகுலர் கட்டாயம். எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும், முடிந்தால் இருவருக்கு ஒன்று.

இந்தப் பாணிக்கு 'பேரியர் கேன்யன் பாணி' என்று பெயர். ஹார்ஸ்ஷூ கேன்யனின் பழைய பெயர்தான் பேரியர் கேன்யன். பாணிக்கு மூலமே இந்த இடம் என்பதால் இங்கே நிற்பதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு. கையும் காலும் இல்லாமல் மேலே அகன்று கீழே குறுகும் உடல்கள், வெறும் குழியாகத் தெரியும் பெரிய கண்கள், சில உருவங்களின் மார்பில் கோடும் புள்ளியுமாக நுணுக்கமான வேலைப்பாடு. நடுநடுவே விரல் நீளத்துக்கு மலையாடுகளும் பறவைகளும் சிறு மனிதர்களும் இருப்பார்கள். பெரிய உருவங்களைப் பார்த்து மலைத்து நின்றுவிட்டுச் சின்னவற்றைத் தவறவிடுவது எல்லாருக்கும் நேர்கிறது. பெரியவற்றை ஒரு சுற்றுப் பார்த்த பிறகு, அவற்றின் காலடிப் பக்கம் இருக்கும் இடைவெளிகளை மட்டும் பைனாகுலரில் இன்னொரு சுற்றுப் பாருங்கள். பையனிடம் இந்த வேலையை ஒப்படைத்தால் உங்களுக்கு முன் அவனே கண்டுபிடிப்பான்.

கிரேட் கேலரியின் நீளம் ஏறக்குறைய 200 அடி, உயரம் 15 அடி. ஆளுயர உருவங்கள் மட்டும் இருபதுக்கு மேல். அவற்றில் மிகப் பெரியது ஏழு அடியைத் தாண்டும், 'ஹோலி கோஸ்ட்' என்று பிற்காலத்தவர் பெயர் வைத்துவிட்டார்கள். அதை வரைந்தவர்கள் தூரிகையால் தீட்டவில்லை, வண்ணத்தைத் தெறிக்கவிட்டிருக்கிறார்கள். ஓரங்கள் புகை போல மங்கி முடிவது அதனால்தான். அதற்குப் பின்னால் சிறிதாகவும் மங்கலாகவும் நிற்கும் உருவங்களோடு சேர்த்துப் பார்த்தால், முன்னது கிட்டே வருவது போலவும் மற்றவை தூரத்தில் நிற்பது போலவும் இருக்கும். பாறையில் ஆழம் காட்டும் அந்தக் கை என்னை எப்போதும் வியக்க வைக்கிறது.

காலம் பற்றி இணையத்தில் எல்லா எண்களும் கிடைக்கும். பல ஆயிரம் ஆண்டு என்றுதான் முன்பு எழுதினார்கள். 2014இல் யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒளிர்வு முறைக் காலக்கணிப்பைப் பயன்படுத்தி வெளியிட்ட ஆய்வு, கிரேட் கேலரி ஓவியங்களை ஏறக்குறைய கி.பி. 1க்கும் 1100க்கும் இடையே வைக்கிறது. ஓவியத்தோடு சேர்ந்து பாறையின் ஒரு பகுதி உடைந்து விழுந்திருக்கிறது. விழுந்த கல்லின் அடிப்பக்கத்துத் துகள்கள் கடைசியாக எப்போது வெளிச்சம் பார்த்தன என்று அளந்தால் அது விழுந்த காலம் கிடைக்கும். ஓவியம் அதற்கு முந்தையது. வண்ணத்தைத் தொடாமலே காலத்தை எட்டிப்பிடித்த நல்ல வேலை அது. அந்த உடைசல் இடத்தை நேரில் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

நிற்க வேண்டிய இடங்கள் நான்கு. கேன்யன் அடிக்கு இறங்கியதும் வலப்பக்கம் திரும்பி, நீரோட்டத்துக்கு எதிராகத் தெற்கே நடப்பீர்கள். முதலில் இடப்பக்கம், அதாவது கிழக்குச் சுவரில், ஆள் எட்டாத உயரத்தில் ஹை கேலரி. அதற்கு எதிரே வலப்பக்கம் ஹார்ஸ்ஷூ ஷெல்டர். பலர் முதலாவதைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பாமலே போய்விடுவார்கள். மூன்றாவது ஆல்கோவ் கேலரி, பெரிய குடைவு, நல்ல நிழல். அங்கே பழைய ஓவியங்களின் மேலேயே பெயர் கிறுக்கி வைத்திருக்கிறார்கள், பார்க்கவே மனம் கனக்கும். நான்காவதுதான் கிரேட் கேலரி, அதுவும் வலப்பக்கச் சுவரில். முதல் மூன்றுக்கும் போகும்போது பத்து பத்து நிமிடம் போதும், கிரேட் கேலரியில் குறைந்தது ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

கை வைக்காதீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கையின் எண்ணெயும் உப்பும் பாறைத் துளைகளில் இறங்கி வண்ணத்தின் பிடிப்பைக் கெடுக்கும். மணற்பாறை என்பதால் விரல் தேய்த்தாலே துகள் உதிரும், வண்ணம் ஒட்டியிருப்பது அந்தத் துகளில்தான். படத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று தண்ணீர் தெளிப்பதும் சாக்கட்டியால் விளிம்பு வரைவதும் அதைவிட மோசம். சட்டமும் கடுமையானது. 1979இன் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அபராதமும் சிறையும் உண்டு. ஹோப்பி, சூனி, யூட் உள்ளிட்ட பூர்வகுடி மக்களுக்கு இவை முன்னோர்களோடு சேர்ந்த புனித இடங்கள். சட்டம் இல்லாவிட்டாலும் அந்த மரியாதை நம்மிடம் இருக்க வேண்டும்.

காலடி:

நடைக்கு வருகிறேன். போக வர 7 மைல், 11 கி.மீ. இறக்கம் 780 அடி, ஏறக்குறைய 240 மீட்டர். எண்ணைப் பார்த்தால் எளிது போல இருக்கும். இது தலைகீழான மலையேற்றம் என்பதை மறக்காதீர்கள். போகும்போது தெம்பாக இறங்கிவிட்டு, களைத்த பிறகு வெயிலில் ஏற வேண்டும். ஐந்திலிருந்து ஆறு மணி நேரம் வையுங்கள், குழந்தையும் பெரியவரும் இருந்தால் ஆறு.

முதல் ஒன்றரை மைல் இறக்கம். எண்ணெய் தேடி வந்தவர்கள் 1920களில் வெட்டிய பழைய வண்டிப்பாதை இது. பாதி பாறைத்தளம், பாதி தளர்ந்த மணல். பாறைத்தளத்தில் பாதை கண்ணுக்குத் தெரியாது, வழிகாட்ட அடுக்கி வைத்திருக்கும் கல்லடுக்குகளைப் பார்த்துப் போக வேண்டும். ஒரு கல்லடுக்கில் நின்று அடுத்ததைக் கண்ணால் கண்ட பிறகே நகருங்கள். நீங்களாக ஒன்றும் அடுக்காதீர்கள், பின்னால் வருபவர் அதை நம்பி விளிம்புக்குப் போய்விடுவார். இறங்கும் வழியில் பாறையில் பதிந்த மூன்று விரல் டைனோசர் காலடி ஒன்று இருக்கிறது, பையனிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

மணலும் சிறு கல்லும் படிந்த பாறைச் சரிவில்தான் அதிகம் வழுக்கும். அப்பாவுக்கு ஒரு ஜோடி நடைக்கோல் (ட்ரெக்கிங் போல்) வேண்டும், ஒன்று போதாது. இறக்கத்தில் இரண்டையும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக்கி, முன்னால் ஊன்றி, சிறு சிறு எட்டாக வைத்தால் முட்டிக்கு வரும் பாரத்தில் ஒரு பகுதி கையில் இறங்கும். முட்டிப்பட்டை போடுபவர் என்றால் கிளம்பும்போதே போட்டுக்கொள்ளட்டும், வலி வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

அடியில் மிச்ச தூரம் முழுக்க ஆற்றுமணல். கடற்கரை மணலில் நடப்பது போலத்தான், ஒரு மைலுக்கு ஒன்றரை மைல் களைப்பு. ஈரமாகக் கெட்டிப்பட்ட பகுதியில் நடந்தால் கொஞ்சம் எளிது, ஆனால் மழைக்குப் பிறகு அதே ஈரப்பகுதியில் புதைமணல் இருக்கும். நடைக்கோலால் குத்திப் பார்த்துக் கால் வையுங்கள். முழங்கால் வரை இறங்கிவிட்டால் இழுக்காதீர்கள், பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து காலை மெதுவாக ஆட்டினால் தண்ணீர் உள்ளே போய்ப் பிடி விடும்.

திரும்பும்போது ஒரு கண்ணி இருக்கிறது. பேசிக்கொண்டே நடந்து, மேலே ஏற வேண்டிய திருப்பத்தைத் தாண்டி கேன்யனிலேயே வடக்கே போய்விடுவார்கள். அங்கே எல்லாச் சுவரும் ஒன்றுபோல இருக்கும். காலையில் அடிக்கு இறங்கியவுடன் திரும்பி நின்று, வந்த வழியை இரண்டு போட்டோ எடுங்கள். மாலையில் உங்கள் கண்ணுக்குத் தெரியப்போகும் காட்சி அதுதான். போனில் அந்த இடத்துக்கு ஒரு பின்னும் குத்திவிடுங்கள். திரும்பும்போது ஏற்றம் உங்கள் இடக்கைப் பக்கம்.

தண்ணீர்: அக்டோபரில் பெரியவருக்கு 4 லிட்டர், பையனுக்கு 2. ஐந்து பேருக்கு 18 லிட்டர் முதுகில். அதற்கு மேல் வண்டியில் 15 லிட்டர். வண்டித் தண்ணீர் குடிக்க மட்டும் இல்லை, ராத்திரி அங்கேயே மாட்டிக்கொண்டால் மறுநாளுக்கும் அதுதான். நடை தொடங்கும் இடத்தில் கழிப்பறை உண்டு, குழாய் கிடையாது. அடியில் ஓடும் தண்ணீரை நம்பாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் என்ற கணக்கில் சிறு சிறு மிடறாகக் குடியுங்கள். மொத்தத்தில் பாதி தீர்ந்தால் எங்கே இருந்தாலும் திரும்புங்கள், கிரேட் கேலரி அடுத்த வளைவில் இருந்தாலும் சரி.

வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு நீர்த்துப்போய் தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வரும். பார்ப்பதற்கு வெயில் மயக்கம் மாதிரியே இருப்பதால் இன்னும் தண்ணீர் கொடுத்து மோசமாக்கிவிடுவார்கள். ஊரிலிருந்து வரும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆளுக்கு ஒன்று எடுத்து, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரைத்து வையுங்கள். அப்பாவுக்கு இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை இருந்தால் இதைக் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சாப்பாட்டுக்குப் புளிச்சோறு, உருளை வறுவல், கடலை மிட்டாய் நன்றாகத் தாங்கும். தயிர்சாதம் வேண்டாம், முதுகுச் சூட்டில் மதியத்துக்குள் புளித்துவிடும்.

அக்டோபர் மூன்றாம் வாரம் பகலில் இதமாகவும் அதிகாலையில் உறைநிலைக்குப் பக்கத்திலும் இருக்கும். கழற்றி மாட்டும்படி இரண்டு அடுக்கு உடை, தொப்பி, ஆளுக்கு ஒரு ஹெட்லாம்ப். பாதையை விட்டு விலகினால் கறுப்பாகப் பொருக்குத் தட்டிய மண்ணைப் பார்ப்பீர்கள். அது உயிருள்ள படலம், மண்ணை அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு காலடி பட்டால் தேறப் பல பத்தாண்டு ஆகும். பாறையிலும் ஓடை மணலிலும் மட்டும் கால் வையுங்கள்.

வழித்துணை:

இத்தனை விவரம் எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. ஓவியம் என்பதே தெரியாமல் செதுக்கல் என்று எழுதிவிட்டேன்.

இன்னும் மூன்று. முந்தின நாள் மழை பெய்தால் என்ன செய்வது? உள்ளே சிக்னல் இல்லை என்றால் அவசரத்துக்கு என்ன வழி? அப்பாவுக்கான மாற்று இடம் பற்றி யாரும் சொல்லவில்லையே. அவருக்கு உண்மையான செதுக்கல்களைக் காட்ட வேண்டும் என்றும் ஆசை.

மண்ரோட்டுக்காரன்:

மழை பெய்தால் அந்த நாளை விட்டுவிடுங்கள். களிமண் கலந்த இடங்கள் நனைந்தால் சோப்பு பூசியது போல ஆகிவிடும், டயர் பள்ளங்களில் மண் அப்பி மொழுக்கென்று ஆனபின் ஃபோர் வீல் டிரைவும் உதவாது. மழை நின்று ஒரு முழு நாள் வெயிலும் காற்றும் பட்டால் பெரும்பாலும் காய்ந்துவிடும். உங்களுக்கு இரண்டு இரவு இருக்கிறது, எந்த நாள் என்பதை அங்கே போய் முடிவு செய்யும்படி வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் பூங்காவின் ரோடு நிலவரத்தைப் பாருங்கள், ஹான்ஸ் ஃப்ளாட் நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்பது இன்னும் நல்லது.

வெள்ளம் வேறு கணக்கு. உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே, மேற்பகுதியில் பெய்த மழை ஓடையில் சுவர் போல வரும். பாறைத்தளம் தண்ணீரை உறிஞ்சாது, பெய்தது அத்தனையும் ஓடைக்கே வரும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைதான் இது அதிகம், அக்டோபரில் குறைவு என்றாலும் இல்லை என்று சொல்ல முடியாது. வானிலை பார்க்கும்போது கிரீன் ரிவரை மட்டும் பார்க்காமல் கேன்யனுக்குத் தெற்கே உள்ள மேட்டுப் பகுதியையும் பாருங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, குச்சியும் நுரையும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கேட்டாலோ, பையைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். ஓடையோடு ஓடாதீர்கள்.

காலடி:

அவசரத்துக்கு: கேன்யனில் மட்டுமல்ல, மண் ரோட்டிலும் சிக்னலை நம்ப முடியாது. கார்மின் இன்ரீச் மாதிரி சாட்டிலைட் கருவி ஒன்று வாடகைக்கு எடுப்பது நல்லது. ஐபோன் 14இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் சாட்டிலைட் வழி அவசரச் செய்தி அனுப்பலாம், ஆனால் வானம் திறந்திருக்க வேண்டும். சுவர் ஓரத்தில் நின்றால் சாட்டிலைட் மறைந்துவிடும், கேன்யன் அகன்ற இடத்தில் நடு மணலுக்கு வந்து பொறுமையாகப் பிடியுங்கள். அதைவிட முக்கியமானது, ஊரில் ஒருவரிடம் வண்டி எண், போகும் இடம், 'இரவு எட்டுக்குள் கூப்பிடாவிட்டால் எமரி கவுண்டி ஷெரிஃபுக்கும் வேய்ன் கவுண்டி ஷெரிஃபுக்கும் சொல்' என்று எழுதிக் கொடுத்துவிடுவது. எந்தக் கவுண்டி (மாவட்டம்) என்று அந்த நேரத்தில் அவர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். தேடுபவர்கள் கண்ணுக்கு முதலில் படுவது வண்டிதான்.

செங்காவி:

அப்பாவுக்கான இடங்கள், வேண்டுமென்றேதான் தனியாக எழுதுகிறேன்.

அவர் இறங்க முடியாது என்றால் விளிம்பில் வண்டியில் ஆறு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள், நிழலே கிடையாது. பாதி தூரம் என்றும் கணக்குப் போடலாம். கேன்யன் அடி வரை வந்து ஹை கேலரியையும் ஹார்ஸ்ஷூ ஷெல்டரையும் பார்த்துவிட்டு, இன்னொரு பெரியவர் துணையோடு திரும்பி ஏறலாம். மணல் நடை பெரும்பகுதி மிச்சமாகும், ஏற்றம் மிச்சமாகாது. முட்டி இறக்கத்தில்தான் வலிக்கும் என்றால் இது பெரிய சலுகை இல்லை, யோசித்துச் செய்யுங்கள்.

நான் சொல்வது சேகோ கேன்யன். கிரீன் ரிவரிலிருந்து ஐ-70இல் கிழக்கே போய் எக்ஸிட் 187இல் இறங்கி, தாம்ஸன் ஸ்பிரிங்ஸ் ஊரைத் தாண்டிச் சில மைல். வண்டியை விட்டு இறங்கிச் சில எட்டிலேயே பாறை. ஹார்ஸ்ஷூவில் இருக்கும் அதே பேரியர் கேன்யன் பாணி ஓவியங்களும், பிறகு வந்த ஃப்ரீமான்ட் மக்களின் செதுக்கல்களும், அதற்கும் பின் யூட் மக்கள் வரைந்தவையும் ஒரே இடத்தில். குதிரை வந்தால் அது யூட் காலம் என்று பிடித்துக்கொள்ளலாம், ஸ்பானியர்கள் கொண்டுவரும் முன் அங்கே குதிரை கிடையாது. மூன்று காலத்தையும் ஒரே பார்வையில் ஒப்பிட இதைவிட வசதியான இடம் அந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. முதல் நாள் மாலை அப்பாவோடு எல்லாரும் இங்கே போய்விடுங்கள். மறுநாள் ஹார்ஸ்ஷூ போகிறவர்களுக்கு அது பாடமாகவும் இருக்கும்.

செதுக்கல் மட்டும் வேண்டுமென்றால், மோவாப் ஊருக்குத் தெற்கே போகும்போது ரோடு 211இல், ஹைவே 191 சந்திப்பிலிருந்து 12 மைல் மேற்கே நியூஸ்பேப்பர் ராக். ஒரே பாறையில் நூற்றுக்கணக்கான உருவங்கள். பாறையின் மேல் இரும்பும் மாங்கனீசும் சேர்ந்த கருந்தோல் பல ஆயிரம் ஆண்டுகளில் படிகிறது. அதைக் கல்லால் கொத்தினால் அடியில் உள்ள வெளிர் நிறம் தெரியும், அவ்வளவுதான் தொழில்நுட்பம். கொத்திய இடத்தில் மறுபடி தோல் படியத் தொடங்கும். அதனால் ஒரே பாறையில் கறுத்திருப்பவை பழையவை, வெளுத்திருப்பவை புதியவை. அப்பாவோடு நின்று எது எதற்கு மேல் வந்தது என்று கண்ணால் அடுக்கிப் பாருங்கள்.

படம் எடுக்க ஒரு குறிப்பு. செதுக்கலுக்கு வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும், அப்போதுதான் குழிவில் நிழல் விழும். காலையும் மாலையும் நல்லது. ஓவியத்துக்கு நேர்மாறு, முழு நிழல்தான் சிறந்தது. நேர் வெயிலில் காவி வெளுத்துவிடும், பாதி வெயில் பாதி நிழலில் கேமரா இரண்டையும் கெடுக்கும். ஃப்ளாஷ் வேண்டாம். மங்கிய காவி உருவங்களை வெளிக்கொண்டுவர டி-ஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருள் இருக்கிறது, பாறை ஓவிய ஆய்வாளர்கள் பயன்படுத்துவது. சிவப்புக்கு அதில் எல்.ஆர்.இ. என்ற தேர்வைப் போட்டுப் பாருங்கள். கண்ணுக்கு வெறும் பாறையாகத் தெரிந்த இடத்தில் ஒரு தோளும் தலையும் எழுந்து வரும். அதனால் கிரேட் கேலரியில் உருவங்களை மட்டும் எடுக்காமல், இடையில் உள்ள வெற்றுப் பாறையையும் வரிசையாக எடுத்துவாருங்கள். ட்ரோன் எடுத்துப் போகவே வேண்டாம், பூங்கா எல்லைக்குள் தடை.

கால் ஏற முடியாதவர்களுக்கு இன்னொன்று. கிரேட் கேலரியை 1940இல் லின் ஃபாஸெட் என்ற ஓவியர் உண்மை அளவிலேயே பெரிய சுவரோவியமாக வரைந்தார். அது இப்போது பிரைஸ் ஊரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சால்ட் லேக் சிட்டியிலிருந்து கிரீன் ரிவர் வரும் வழியிலேயே பிரைஸ் வருகிறது. அப்பா அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம், மற்றவர்கள் மறுநாள் எந்த உருவத்தை எங்கே தேடுவது என்று அங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

வழித்துணை:

பிரைஸ் முதல் நாள் மதியம், சேகோ அன்று மாலை, ஹார்ஸ்ஷூ மறுநாள் என்று மாற்றிவிட்டேன். மழை வந்தால் ஹார்ஸ்ஷூவை விட்டுவிட்டு நியூஸ்பேப்பர் ராக். அப்பா சேகோ பார்த்த பிறகு அவரே முடிவு செய்யட்டும். ஸ்டெப்னி உள்ள வண்டிக்கு இன்றே எழுதிக் கேட்கிறேன்.

மண்ரோட்டுக்காரன்:

எழுதிக் கேட்டாலும் வண்டி எடுக்கும்போது டிக்கியைத் திறந்து பாருங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள்.